நீரடிமுத்து எண்ணெய் முதல் மாத்திரை வரை

பாதத்தில் தோன்றும் நரம்பு வலி உலகில் எங்கும் உள்ளதே. நெடுந்தொலைவு நடந்தவருக்கும், நாள் முழுவதும் நின்று தொழில் செய்பவருக்கும், நீரிழிவு கொண்டவருக்கும் அது வருவதுண்டு. ஆயினும் அவ்வலிகளுள் ஒன்று ஏனையவற்றினின்றும் வேறுபட்டது. அது வரும்போது இரவு உறக்கத்தைக் கெடுக்கும். போகும்போதோ பாதத்தின் உணர்ச்சியையும் உடன் கொண்டு போய்விடும். தொழுநோய், காலின் நரம்பைத் தாக்கும்பொழுது எழும் வலியே அது. அதற்கு ஊசியின்றி உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை எவ்வாறு மருந்தாக வந்தது என்பதையும், அதற்கு முன்னர் நூறாண்டுக் காலம் மருத்துவம் எந்தெந்த வழிகளிற் சென்றது என்பதையும் இப்பேச்சில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இவ்வரலாற்றுக்கு நிலைக்களமாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், களியக்காவிளையைக் கடந்தவுடன் தமிழ்நாடு முடிவுறுகிறது. பாறசாலையில் கேரளம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. கோடு ஒன்று நடுவே வந்ததேயன்றி, உறவும் சந்தையும் தொழிலும் இருபுறமும் முன்போலவே தொடர்ந்தன. இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் மொழிகள்.

இங்குள்ள மக்கள் காலை நம்பிப் பிழைத்தவர்கள். பாலராமவர்மரின் காலத்தில் தமிழ் நிலத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர், பாலராமபுரத்தில் குழித்தறியின் மிதியைக் காலால் அழுத்தி நூலை ஆடையாக்கினர். பனையேறிகள் கால்களில் தளைநாரை மாட்டி மரத்தில் ஏறினர். வயலில் உழைத்தோர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கினர். இத்தகையோரின் பாதம் உணர்விழந்தால் அவர்களது வாழ்க்கையே நிலைகுலைந்தது. மிதியின் அழுத்தத்தை உணராத காலால் தறி ஓட்டுவது எங்ஙனம்? முள்ளும் கல்லும் தைத்ததை அறியாத காலால் வரப்பில் நடப்பது எங்ஙனம்?

தொழுநோய் நரம்பை எவ்வாறு கெடுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். நார்வே நாட்டின் பெர்கன் நகரில், 1873ஆம் ஆண்டு, ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இது பரம்பரைச் சாபம் என்றும், முற்பிறப்பின் தீவினை என்றும் உலகம் கொண்டிருந்த எண்ணம் அக்கண்டுபிடிப்பால் ஆட்டங்கண்டது. அந்நுண்ணுயிர் உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்பி உறைவது. ஆகவே தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் அதற்கு ஏற்ற இடமாகின்றன. கணுக்காலின் உட்புற எலும்பை ஒட்டி ஒரு நரம்பு இறங்கிப் பாதத்தின் அடிப்பகுதி முழுவதற்கும் உணர்ச்சியைத் தருகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் மற்றொரு நரம்பு எலும்பைச் சுற்றிச் சென்று பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குகிறது. தொழுநோயில் காலிலே பெரிதும் கேடுறுபவை இவ்விரண்டுமே.

நோயின் போக்கில் ஒரு கட்டம் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் திடீரென விழித்தெழுந்து நுண்ணுயிரோடு போர் தொடுக்கும். அப்போர் நரம்பின் உள்ளேயே நடைபெறுவதால் நரம்பு வீங்குகிறது. கணுக்காலின் உட்புறத்தில் அந்நரம்பு செல்லும் வழி மிகவும் குறுகியது. வீங்கிய நரம்பு விரிய இடமின்றி நசுங்குகிறது. கடுப்பும், எரிச்சலும், மின்னல் போன்ற குத்தலும் தோன்றுகின்றன. கவனிப்பாரின்றி நாட்கள் சென்றால் நரம்பின் இழைகள் அழிந்து, வலி தானே அடங்கிவிடும். நோயாளி, ‘தெய்வம் காத்தது, வலி போயிற்று’ என்று மகிழ்வார். உண்மையில் அன்றுதான் அவரது துன்பம் தொடங்குகிறது. அதன்பின் ஆணி தைத்தாலும், கொதிநீர் பட்டாலும் தெரியாது. புண் உண்டாகி, புரையோடி, எலும்பு கரைந்து, விரல்கள் குறுகிப் போகும். சில பேருக்கு வலியே தோன்றாமல் நரம்பு மெல்லக் கெடுவதும் உண்டு. அதனை மருத்துவர்கள் ஓசையற்ற நரம்புக் கேடு என்பர்.

இந்நோய்க்கு இப்பகுதி மக்கள் பழங்காலந்தொட்டு அறிந்திருந்த மருந்து, மலையிற் கிடைக்கும் ஒரு கொட்டையின் எண்ணெய். சித்த மருத்துவர் நீரடிமுத்து என்றும், மலையாள நாட்டார் மரோட்டி என்றும் வழங்கும் மரத்தின் கொட்டை அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம் நிறைந்த சரிவுகளில் அம்மரம் வளர்கிறது. அதன் காயை இரண்டாகப் பிளந்து, ஓட்டினை அகலாக்கி விளக்கேற்றும் வழக்கம் கேரளத்தில் இன்றும் உள்ளது. விளக்குக்கு எண்ணெய் தந்த அதே மரந்தான் நோயுற்றோருக்கு மருந்தும் தந்தது. இதனோடு இனமான வடகிழக்குப் பகுதி மரத்தின் எண்ணெயைச் சால்மூக்ரா என்பர். கல்கத்தாவில் பணியாற்றிய மௌவாட் என்னும் ஆங்கில மருத்துவர் 1854இல் அதனைப் பற்றி எழுதியபின், மேல்நாட்டு மருத்துவமும் அந்த எண்ணெயை ஏற்றுக்கொண்டது.

எண்ணெயை உட்கொள்வது எளிதன்று. குமட்டலும் வாந்தியும் உண்டாகும். பலர் சில நாட்களிலேயே விட்டுவிடுவர். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவ உலகம் ஊசியை நாடியது. ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியல் அறிஞர், அந்த எண்ணெயை ஊசி வழியே செலுத்துவதற்கு ஏற்ற வடிவில் மாற்றும் முறையைக் கண்டார். 1916இல் தம் இளமையிலேயே அவர் மறைந்தார். கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ், எர்னஸ்ட் மியூர் ஆகியோர் ஊசிமுறையைப் பரப்பினர். வாரந்தோறும் தசையில் ஓர் ஊசி. தோலில் தோன்றிய படைகளைச் சுற்றிலும் பல இடங்களில் சிறு சிறு குத்தல்கள். ஆண்டுக்கணக்கில் இது நீடித்தது. குத்திய இடம் வீங்கும், சில வேளைகளிற் சீழ் பிடிக்கும். இவ்வளவு துன்பத்தையும் பொறுத்தவர்களுக்கு அதனால் உறுதியான பயன் விளைந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் வேறு வழியின்மையால் உலகமெங்கும் நோயாளர் அவ்வூசிக்கே வரிசையில் நின்றனர்.

தென் திருவிதாங்கூரில் புதிய மருத்துவம் நுழைந்த வாயில் நெய்யூர் ஆகும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். பாறசாலையும் அதே மிஷனின் பணிக்களங்களுள் ஒன்றாக இருந்தது. பாறசாலையிலிருந்து நெய்யூர் ஒரு நாள் நடைத் தொலைவு. அந்நாளில் இரண்டுக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. இரண்டும் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட ஊர்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நெய்யூரில் தொழுநோயாளருக்கென இல்லமும் அமைந்தது. அரசின் சார்பில் திருவனந்தபுரம் ஊளம்பாறையில் ஓர் இல்லம் இருந்தது. 1934இல் அங்கிருந்தோர் இன்றைய ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த நூறநாட்டுக்கு மாற்றப்பட்டனர். பாறசாலையைச் சேர்ந்த ஒருவர் நூறநாட்டில் அடைக்கலம் புகுந்தால், அவருக்கும் அவரது வீட்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு நின்றது. நோயைக் காட்டிலும் அப்பிரிவுக்கே மக்கள் அதிகமாக அஞ்சினர். மரத்துப்போன காலை மறைத்தவர் பெருகியமைக்கு அச்சமே காரணம்.

நெய்யூர் மருத்துவர்களுள் இருவேறு உலகங்களில் புகழ் பெற்றவர் ஹோவர்டு சாமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தின் மேலேறிய குழுக்களில் இடம்பெற்றவர் அவர். 1922ஆம் ஆண்டுப் பயணத்தின் முடிவில் தென்னாட்டைக் காண வந்தவர், நெய்யூரில் நோயாளர் திரளையும் மருத்துவரின் தனிமையையும் கண்டு அங்கேயே பணியை ஏற்றார். ஏறத்தாழ இருபதாண்டுக்கு மேல் அப்பகுதி மக்களுக்கு அறுவை மருத்துவம் புரிந்து, 1949 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில், எல்லையை ஒட்டிய காரக்கோணம் என்னும் சிற்றூரில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாமர்வெல் வேலூருக்குச் சென்ற அக்காலத்தில் தொழுநோய் மருத்துவமே புதிய திருப்பத்தில் இருந்தது. அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்துத் தொழுநோய் மருத்துவமனையில் ஃபேஜட் என்பார் 1941இல் சல்ஃபோன் வகை மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தி நற்பயன் கண்டார். தமிழ்நாட்டில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்திருந்த தொழுநோய் நிலையத்தில், ராபர்ட் காக்ரேன் என்ற அறிஞர் அவ்வகையின் மூல மருந்தாகிய டாப்சோனை ஊசி மூலம் தந்து ஆராய்ந்தார். 1940களின் முடிவுக்குள், அதே மருந்தைச் சிறிய அளவில் வாய்வழி கொடுத்தாலே போதும் என்பது தெளிவாயிற்று. நீரடிமுத்து எண்ணெய் ஊசியின் நெடுங்காலம் அத்துடன் முடிந்தது. 1955இல் மத்திய அரசு திருமணி நிலையத்தை ஏற்று, மையத் தொழுநோய் கற்பித்தல் ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. நாடு தழுவிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அவ்வாண்டே தொடங்கிற்று.

நோயைத் தரும் கிருமி ஒடுங்கியதென்று மகிழ்ந்த மருத்துவர்கள், விரைவில் ஒரு புதிரை எதிர்கொண்டனர். கிருமி ஒழிந்துகொண்டிருந்த வேளையிலும் பலருக்குக் கைகால்கள் முடமாகிக்கொண்டே இருந்தன. இதன் ஒரு பகுதியை விடுவித்தவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த இவ்வாங்கிலேயர் 1946இல் வேலூருக்கு மருத்துவராக வந்தார். காக்ரேன் அழைப்பின்பேரில் செங்கற்பட்டுக்குச் சென்று, முடங்கிய கைகளையும் புண்பட்ட பாதங்களையும் கண்டார். தொழுநோயால் சதை தானே அழுகி விழுகிறது என்பதே அந்நாளைய பொதுக் கருத்து. பிராண்டும் அவர்தம் தோழர்களும் நோயாளரை நாள்தோறும் கவனித்து வேறொரு முடிவுக்கு வந்தனர். உணர்ச்சியற்ற பாதம் அறியாமல் பெறும் சிறு காயங்களும், ஓயாத அழுத்தமுமே புண்ணுக்குக் காரணம். காயம் நேராமல் காத்தால், பட்ட புண் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறும். வேலூரிலும், அதனருகே 1955இல் தொடங்கப்பெற்ற காரிகிரி நிலையத்திலும், நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற காலணிகள் உருவாயின. தசைநாரை இடம் மாற்றி, தொங்கும் பாதத்தை நிமிர்த்தும் அறுவை மருத்துவமும் வளர்ந்தது.

இவையனைத்தும் உணர்ச்சி போனபின் செய்யும் உதவிகள். உணர்ச்சி போகாமலே தடுப்பதற்கு, வீங்கிய நரம்பின் அழற்சியைத் தணிக்கும் மருந்து ஒன்று வேண்டியிருந்தது. அம்மருந்து தொழுநோயோடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் எழுந்து நடக்கவும் இயலாதிருந்த ஒரு பெண்மணிக்கு, 1948 செப்டம்பர் 21ஆம் நாள் ஒரு புதிய மருந்து ஊசி வழியே தரப்பட்டது. சில நாட்களுக்குள் அவர் எழுந்து நடந்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியில் உண்டாகும் கார்ட்டிசோன் என்னும் பொருளே அம்மருந்து. அதைத் தந்தவர் ஃபிலிப் ஹென்ச். அப்பொருளைச் சுரப்பியிலிருந்து பிரித்தறிந்த வேதியியல் அறிஞர் எட்வர்டு கெண்டல். இவர்களுக்கும் ஸ்விட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் 1950இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொடக்கத்தில் மாட்டின் பித்தநீரிலிருந்து பல படிகளைக் கடந்து மிகச் சிறிய அளவே கார்ட்டிசோன் செய்ய முடிந்தது. பின்னர், மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கின் சத்தை மூலப்பொருளாக்கி, நுண்ணுயிர்களின் துணையோடு ஸ்டீராய்டு மருந்துகளைப் பேரளவில் செய்யும் வழி பிறந்தது. 1955இல், கார்ட்டிசோனைவிட வலிமை மிக்கதும், உடலில் உப்பையும் நீரையும் குறைவாகவே தேக்குவதுமான பிரட்னிசலோன், மாத்திரை வடிவில் வெளிவந்தது.

தொழுநோயில் நரம்பு வீங்கும்போது இம்மருந்தை 1950களிலேயே மருத்துவர்கள் தந்து பார்த்தனர். வலி வியக்கத்தக்க விரைவில் தணிந்தது. எனினும் அவர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கியே வீக்கத்தைக் குறைக்கிறது. எதிர்ப்பாற்றல் அடங்கினால் கிருமி பெருகாதோ என்பதே அவ்வச்சம். டாப்சோன் ஒன்றையே நம்பியிருந்த காலத்தில், அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் 1960களில் தோன்றத் தொடங்கின. உலகச் சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1983இல் நம் நாட்டின் கட்டுப்பாட்டுத் திட்டமும் ஒழிப்புத் திட்டமாக மாறியது. கூட்டு மருந்தின் காவல் இருந்ததால், நரம்பைக் காக்க ஸ்டீராய்டைத் துணிந்து பயன்படுத்த வழி ஏற்பட்டது.

அம்முறை எளியது. நாளொன்றுக்குப் பொதுவாக 40 மில்லிகிராம் அளவில் தொடங்கி, காலையில் உணவுக்குப்பின் ஒரே வேளையாகத் தருவர். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அளவைக் குறைத்துக்கொண்டே வருவர். பல ஆண்டுக் காலம் இது 12 வாரங்களில் முடிந்தது. இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், 20 வாரம் தந்தவர்களையும் 32 வாரம் தந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். நீண்ட காலம் தந்ததால் மேலதிகப் பயன் காணப்படவில்லை. ஆகவே 20 வாரமே போதும் என்னும் கருத்து வலுப்பெற்றது. நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் நடந்த மற்றோர் ஆய்வு, கேடு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலான நரம்புகளுக்கு இம்மருந்தால் பயனில்லை என்று காட்டியது. அந்த ஆறு மாதங்களுக்குள் வந்து சேர்ந்தவருக்குப் பாதம் மீளும் வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் அது முழுமையாக மீள்வதில்லை. தாமதித்தோருக்கோ வாய்ப்பே அரிதாகிறது. ஊசியின் வேதனையை நீக்கிவிட்ட மருத்துவத்தால் காலத்தின் வரம்பை நீக்க முடியவில்லை.

ஸ்டீராய்டை ஊசியின்றிச் செலுத்த வேறு வழிகளும் ஆராயப்பட்டன என்பதை இங்குக் கூற வேண்டும். பிரான்சின் லெதுக் என்ற அறிஞர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெல்லிய மின்னோட்டத்தால் மருந்தைத் தோலின் ஊடே தள்ள முடியும் என்று சோதனைகளால் காட்டினார். மின்னேற்றம் ஒத்தவை ஒன்றையொன்று தள்ளும் என்பதே அதன் அடிப்படை. எதிர் மின்னேற்றம் கொண்ட டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டை எதிர் மின்முனையின் கீழ் வைத்தால், அது தோலுக்குள் நகர்கிறது. 1950களில் செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் கொண்டும் இவ்வாறே முயன்றனர். குதிகால் வலி முதலியவற்றுக்கு இயன்முறை மருத்துவர்கள் இவற்றை இன்றும் கையாள்வதுண்டு. ஆனால் மருந்து ஆழத்திற்குச் செல்வதில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் மின்னோட்டம் சுட்டுப் புண்ணாக்கினாலும் நோயாளி அறியமாட்டார். ஆதலின் தொழுநோயால் மரத்துப்போன காலுக்கு அவ்வழி தகாது. வயிற்றின் வழியே சென்று இரத்தத்தில் கலந்து நரம்பை அடையும் மாத்திரையே தக்கது.

இத்துணை நன்மை தரும் மருந்தே அளவு தவறினால் பெருந்தீங்கு செய்யும். பிரட்னிசலோன் சர்க்கரையின் அளவை உயர்த்தும். வயிற்றுப் புண்ணை வளர்க்கும். மறைந்திருக்கும் காசநோயை எழுப்பும். பல வாரங்கள் உண்டபின் திடீரென நிறுத்தினால், உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்குமாதலால் உயிருக்கே இடர் நேரலாம். நீரிழிவால் உண்டாகும் கால் எரிச்சலுக்கு இது மருந்தாகாது. நோயை மிகுவிக்கவே செய்யும். வலி தணிகிறதென்று மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். எந்தக் கால் வலி எந்த நோயால் வந்தது என்று கண்டு சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

மருத்துவரிடம் சொல்வதற்கு மொழி வேண்டும். எல்லைப்புற மக்களின் அனுபவம் நமக்குப் பயன்படுவது இவ்விடத்திலேதான். நெய்யாற்றின்கரைத் தமிழர், ‘மதமதப்பு’ என்றும் ‘மரத்துப்போச்சு’ என்றும் வீட்டில் சொல்வதை, மருத்துவமனையில் ‘தரிப்பு’ என்றும் ‘மரவிப்பு’ என்றும் மலையாளத்தில் சொல்லவேண்டும். எரிச்சல் அங்கே ‘புகச்சில்’ ஆகிறது. கடுப்பு ‘கடச்சில்’ ஆகிறது. வலி என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லி முடித்தால், மருத்துவர் மூட்டுவலி மாத்திரை தந்து அனுப்பிவிடக்கூடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு, சொல் ஒன்று தவறினால் பொருள் கெடும் என்பது நாளும் அறிந்த செய்தி. இங்கே சொல் தவறினால் பாதமே கெடும். இந்தியில் மரத்துப்போவதைச் ‘சுன்ன்’ என்பர். மராத்தியில் ‘பதீர்’ என்பர். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் தம் குடும்பத்தாருக்கு இச்சொற்களைக் கற்பித்து வைத்தல் நன்று.

2005ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் தணிந்துவிட்டதால், தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இனி இல்லை என்று நம் நாடு அறிவித்தது. அதனை நோயே இல்லை என்று பலர் தவறாகப் பொருள் கொண்டனர். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவிலேயே உள்ளனர். இதனை உணர்ந்தே கேரள அரசு 2018இல் ‘அசுவமேதம்’ என்னும் பெயரில் வீடு வீடாகச் சென்று நோயைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கியது. கூட்டு மருந்து நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்தைத் தொடங்கியவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவது விரைவில் நின்றுவிடுகிறது. ஆகவே அவரை வீட்டைவிட்டு அகற்ற இன்று எவ்விதக் காரணமும் இல்லை.

சட்டமும் மாறியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில், வறிய தொழுநோயாளரைப் பிடித்து இல்லங்களில் அடைக்க இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. கணவனோ மனைவியோ தொழுநோயைக் காட்டி மணமுறிவு கோருவதற்கு இருந்த வழியும் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மூடப்பட்டது. பம்பாய்த் தமிழர்கள் வாழும் மாதுங்காவுக்கு அருகே, வடாலாவில் 1890இல் எழுந்த ஆக்வர்த் இல்லம், வீடற்ற நோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமாகத் தொடங்கிப் பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. ஊர்தோறும் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. மனிதர் மனத்தில் அது நிகழ்வதற்கே காலம் பிடிக்கிறது.

நேயர்களே, சொந்த ஊரை விட்டு வந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் சிறு கேடு தோன்றினால், ‘பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைப்போம். வேலை போய்விடுமோ என்றும், வாடகை வீட்டார் ஏதேனும் கூறுவரோ என்றும் அஞ்சுவோம். மற்ற நோய்களில் ஒருவேளை இது பொறுக்கப்படலாம். நரம்பு நமக்காகப் பொங்கல் வரை காத்திருப்பதில்லை. தோலில் உணர்ச்சி குறைந்த வெளிறிய படை தோன்றினாலும், கணுக்காலின் உட்புறத்தை அழுத்தும்போது மின்னல் போன்ற வலி பாய்ந்தாலும், செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துவந்தாலும், நாம் வாழும் ஊரிலேயே உள்ள அரசு மருத்துவமனைக்கு அவ்வாரமே செல்லுதல் வேண்டும்.

இரவில் உறங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டார் ஒருவரைப் பேனா முனையால் நம் உள்ளங்காலை மெல்லத் தொடச் சொல்லுவோம். தொட்ட இடத்தை விரலால் சுட்டிக் காட்ட இயன்றால் மகிழ்ச்சி. இயலாவிடில் விடிந்தவுடன் புறப்படுவோம். நீரடிமுத்து எண்ணெயின் ஊசிக்காக வரிசையில் நின்ற நம் முன்னோருக்கு வாய்க்காத மருந்து, இன்று ஒரு கைப்பிடி மாத்திரையாக நமக்குக் கிடைக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இருக்கும்போதே சென்று அதனைப் பெற்றுக்கொள்வோமாக.